இஞ்சிக் கஷாயம்: காரம் கூடினால் குணம் கூடாது

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் திருவையாற்றுப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இஞ்சி தட்டும் சத்தம் கேட்கும். ஒருவர் தும்மினால் போதும், குடும்பம் முழுவதற்கும் கஷாயம். எங்கள் வீட்டில் அதற்கு ஓர் அளவுகோலும் இருந்தது: குடிப்பவர் கண்ணில் நீர் வர வேண்டும். சென்ற ஆண்டு அப்படிக் காய்ச்சியதை என் ஆறு வயது மகனுக்கு மூக்கைப் பிடித்து ஊற்றினேன். புரையேறி, வாந்தி எடுத்து, அன்றிரவு ஒரு வாய் சோறுகூட இறங்காமல் படுத்துவிட்டான். சளி அப்படியே இருந்தது. மூக்கைப் பிடித்து ஊற்றினால் கஷாயம் மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயம் உண்டு. அதை நான் மறுபடியும் செய்யவில்லை.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. இஞ்சி அந்த வைரஸை விரட்டாது. ஒரு வாரம், பத்து நாளில் உடம்பே அதைச் சமாளித்துவிடும். அதுவரை தொண்டைக்கு இதம், மூக்கடைப்புக்குச் சூடான ஆவி, குமட்டலுக்கு ஆறுதல், காய்ந்த உடம்புக்குத் தண்ணீர். கஷாயம் தருவது இவ்வளவுதான், இதுவே பெரிய உதவி. இதற்குக் கண்ணீர் வர வேண்டிய அவசியமே இல்லை. நான்கு டம்ளர் தண்ணீருக்குக் கட்டைவிரல் அளவு இஞ்சி, பத்து மிளகு, ஒரு தேக்கரண்டி மல்லி விதை. மூடி போட்டுப் பத்து நிமிடம் கொதித்தால் போதும். திறந்துபோட்டு அரைமணி நேரம் சுண்டவைத்தால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். காரமும் கசப்பும்தான் மிஞ்சும். இறக்கும்போது கும்பகோணம் கொழுந்து வெற்றிலை ஒன்றைக் கிள்ளிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

இஞ்சி இல்லாத நாளில் அதே அளவு சுக்கைத் தட்டிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஐந்து கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சுக்குதான் கிடைக்கும். அதோடு, பச்சை இஞ்சியில் காரம் தரும் ஜிஞ்சரால் என்ற பொருள் காயும்போது ஷோகால் என்ற இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. ஆகவே இஞ்சி போடும் இடத்தில் சுக்கு ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். இஞ்சியிலேயே வித்தியாசம் உண்டு. பொங்கல் பானையில் கட்டும் கொத்தில் வரும் இளம் இஞ்சியில் மணம் இருக்கும், காரம் இருக்காது. முற்றி நாரோடிய இஞ்சி அதற்கு நேர்மாறு. சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

‘சுக்குக்குப் புறணி நஞ்சு’ என்பார் அப்பாயி. கொட்டாங்குச்சிச் சில்லால் தோலைச் சுரண்டிவிட்டுத்தான் அம்மியில் வைப்பார். தோலில் விஷம் இருக்கிறதோ இல்லையோ, இஞ்சியின் கணுக்களில் சேறு ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சுரண்டாமல் போடாதீர்கள். சாறு பிழிந்து கொடுக்கும்போது அவர் இன்னொன்றும் செய்வார். சாற்றைக் கிண்ணத்தில் அசையாமல் பத்து நிமிடம் வைப்பார். மேலே மஞ்சளாகத் தெளிவு நிற்கும். அடியில் சுண்ணாம்புக் கரைசல் போல வெள்ளையாக ஒன்று படியும். தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு படிவைக் கொட்டிவிடுவார். அந்த வெள்ளை பெரும்பாலும் மாவுச்சத்துதான். அவசரத்தில் கலக்கி ஊற்றிச் சூடாக்கினால் கஞ்சிபோலக் குழகுழவென்று ஆகி, பாத்திரத்தின் அடியிலும் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் பொறுப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இஞ்சிப் பால் திரிந்துபோகும்போது பால்காரரைத் திட்டாத வீடு இருக்காது. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் இஞ்சியைத் தட்டிப் போட்டால் அது பாலைத் தயிர்போல உறையவைத்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் அந்த நொதி செயலிழந்துவிடுவதால், இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அதன்பிறகு காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். வெல்லத்தாலும் பால் திரியும். அடுப்பை அணைத்து, சற்று ஆறிய பிறகே அச்சு வெல்லத்தைத் தட்டிச் சேர்க்க வேண்டும்.

பாத்திரத்திலும் கவனம் தேவை. ஈயம் தேய்ந்துபோன பித்தளைப் பாத்திரத்தில் எலுமிச்சை பிழிந்த கஷாயத்தை வைக்காதீர்கள்; புளிப்பு பட்டால் செம்பு அதில் இறங்கும். எவர்சில்வர் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, ஒரே கஷாயத்தை எல்லாருக்கும் ஊற்றுவது. ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தடவுகிற வழக்கம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் அந்த வயதில் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். தேனைச் சூடாக்கினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. அந்த வயதுக் குழந்தைக்குச் சளி என்றால் கஷாயத்தையே நினைக்காமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு அரை டம்ளர் கஷாயத்தில் வெந்நீர் சேர்த்து, வெதுவெதுப்பாக, அவர்களே உறிஞ்சிக் குடிக்கும்படி கொடுக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடும் தாத்தாக்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் தினமும் குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் தொடவே கூடாது.

கடைசியாக, வயலில் இறங்குகிறவர்களுக்கு. மழைக்காலத்தில் சம்பா வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் சேற்றில் நின்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ‘நனைந்ததால் வந்த சளிக்காய்ச்சல்’ என்று கஷாயம் வைத்துக் கொடுத்து இரண்டு மூன்று நாள் ஓட்டிவிடுகிறார்கள். கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே சென்றால் மருந்து உண்டு. விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளாக விடாவிட்டாலோ யாராக இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள். வயல் தண்ணீரில் நின்றதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.