ஆணுறுப்பின் முன்தோலில் புண், அரிப்பு: மெடிக்கலுக்கு ஓடும் முன்

மெடிக்கலில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, கடைசியில் குரலைத் தாழ்த்தி "அந்த இடத்துல அரிப்புங்க" என்று ஒரு ட்யூபை வாங்கிப் பையில் ஒளித்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. கையில் கிடைப்பது பெரும்பாலும் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு. இரண்டே நாளில் சிவப்பு அடங்கும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஸ்டீராய்டு அடக்குவது அழற்சியைத்தான், கிருமியை அல்ல. நிறுத்தினால் திரும்ப வரும். வாரக்கணக்கில் தடவினால் ஏற்கெனவே மெல்லிய அந்தத் தோல் இன்னும் மெலியும்.

ஆணுறுப்பின் நுனியான மொட்டில் வரும் இந்த அழற்சியை டாக்டர்கள் பாலனைட்டிஸ் என்பார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவாலும் வரும், கேண்டிடா என்ற பூஞ்சையாலும் வரும். முன்தோல் வீங்கி, கெட்ட வாடையோடு கசிந்தால் காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா மேல் சந்தேகம் போகும். பூஞ்சைக்குப் போய், போன காய்ச்சலில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை விழுங்கினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

அடுத்தது டெட்டால். எரிந்தால் கிருமி சாகிறது என்று ஒரு நம்பிக்கை! சாவது தோல்தான். சோப்பைத் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொண்டவர்களும் உண்டு. தினம் ஒருமுறை முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்தால் போதும். அப்புறம் மறக்காமல் தோலை முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். பின்னாலேயே விட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும். தோல் முன்னுக்கு வராவிட்டால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி. சின்னப் பையன்களுக்குத் தோல் தானாகப் பிரியும்வரை யாரும் இழுக்கவே கூடாது.

நாற்பதைத் தாண்டியவருக்கு இது திரும்பத் திரும்ப வந்தால் முதலில் சுகர் பார்க்க வேண்டும். பலருக்குச் சர்க்கரை நோய் தெரியவருவதே இப்படித்தான். டாபாகிளிஃப்ளோசின் மாதிரியான சர்க்கரை நோய் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் அங்கே பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியது தோல் டாக்டரை. போர்டில் 'பால்வினை நோய்' என்றும் எழுதியிருக்கும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலோடு திரும்புகிறவர்கள் உண்டு. பால்வினை நோயாகவே இருந்தால் மனைவிக்கும் சிகிச்சை தேவைப்படும், அதை மறைக்க முடியாது. சில வாரங்களாகியும் ஆறாத புண், தடிப்பு, ரத்தக் கசிவு என்றால் கொஞ்சம் தோலை எடுத்துப் புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்யச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போடவே கூடாது.