ஆர்க்கிட் தொட்டியில் பூசணம் கண்டால்

என் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பியிருக்கும் மரப்பட்டையில் ஒரு துண்டைத் தூக்கினேன். அடியில் சிலந்தி வலைபோல வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. முகர்ந்தால் நனைந்து புழுங்கிய சாக்கின் வாடை. செடியோ இலை வாடாமல் பூவோடு நின்றது. அவசரப்பட்டுப் பூஞ்சைக்கொல்லியைத் தெளித்தேன். பத்து நாளில் பூசணம் திரும்பி வந்தது. பெரும்பாலும் இந்தப் பூசணம் தின்பது மட்கிய பட்டையைத்தான். இரையும் ஈரமும் இருக்கும்வரை எதைத் தெளித்தாலும் வரும்.

முதலில், அது பூசணம்தானா என்று பாருங்கள். பஞ்சுபோல இருந்து, தொட்டால் அமுங்கினால் பூசணம். கெட்டியாகப் பொருக்குத் தட்டியிருந்தால் உரமும் தண்ணீரும் விட்டுச் சென்ற உப்பு. நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடியவிட்டால் போதும்.

மேலே ஓரிரு துண்டுகளில் மட்டும் பூசணம் இருந்து, பட்டை இன்னும் உறுதியாக இருந்தால் அவற்றை எடுத்து எறிந்துவிட்டு, காற்று நடமாடும் இடத்தில் செடியை வையுங்கள். அடுத்த தண்ணீரை வேர் கேட்கும்வரை ஊற்றாதீர்கள். ஒளி ஊடுருவும் தொட்டியில் இது தெளிவாகத் தெரியும்: நனைந்த வேர் பச்சை, காய்ந்த வேர் வெள்ளி நிறம்.

விரலால் நசுக்கினால் பட்டை பொடியாகிறதா, வாடையும் வருகிறதா? அப்படியானால் தொட்டியைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும். பூ இருக்கிறதே என்று நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் மூன்று வேர்கள் போயின. பூத்தண்டை வெட்டி ஜாடியில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய பட்டை முழுவதையும் உதிர்த்துவிட்டு, ஒவ்வொரு வேரையும் இரு விரல்களுக்கிடையே மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகியது கொழகொழவென்று அமுங்கும். இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவில் நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அதை உறுதியான பகுதிவரை வெட்டுங்கள். கத்தரிக்கோலை முன்னதாகத் தீயில் காட்டி ஆறவிட வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து வெட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தொட்டிக்குள் வெளிச்சம் படாத வேர் மஞ்சளாகத்தான் இருக்கும்; அழுத்தினால் விறைப்பாக இருக்கிறதென்றால் அது உயிருள்ள வேர்.

இலவங்கப்பட்டைத் தூளை வெட்டுவாயில் மட்டும் தொட்டு வைக்கலாம். வேர் முழுவதும் தூவினால் நல்ல வேரும் வறண்டுபோகும். பூசணத்தைக் கொல்லச் சிலர் ஊற்றும் ஹைட்ரஜன் பெராக்சைடை நான் தொடுவதில்லை. இளம் வேர்நுனியை அது புண்ணாக்கிவிடும்.

புதிய பட்டையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்த பட்டையில் ஊற்றும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். பழைய பட்டையைக் கழுவிச் சேர்க்கும் சிக்கனம் வேண்டாம். தொட்டியைச் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வேர்கள் அடங்கும் அளவே போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயவே காயாது.

என் செடிக்கு வினையாக இருந்தது அழகுக்காக வைத்த, ஓட்டையில்லாத வெளித்தொட்டி. உள்தொட்டியைத் தூக்கியபோது அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் தேங்கி நின்றது. இப்போது காலையில் தனியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி, சொட்டு நின்ற பிறகே உள்ளே வைக்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை, பூசணத்துக்குக் காத்திராமல் பட்டையை மாற்றிவிடுகிறேன்.

மாற்றி நட்டதும் நான்கைந்து நாள் தண்ணீர் வேண்டாம், வெட்டுவாய் ஆறட்டும். உரத்தை எடுத்து ஒதுக்கி வையுங்கள். பட்டைக்கு மேலே புது வேரின் பச்சை நுனி எட்டிப் பார்த்த பிறகு, பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு கொடுக்கலாம்.