முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’: நண்பர்களைக் கூட்டி வைத்து விளையாட ஒரு செய்முறை

1996 மார்ச்சில் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டைத் தனியாக உட்கார்ந்து ஆடினால் பயமாக இருக்கும். நாலு பேரோடு ஆடினால் அதே பயம் இருக்கும், கூடவே வயிறு வலிக்கிற அளவு சிரிப்பும் வரும். ஒன்று மற்றதைக் கெடுக்காது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. ஒரு வசனத்துக்குச் சிரித்துச் சிரித்து எல்லோரும் தளர்ந்து சாய்ந்திருக்கும் நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய் பாயும். சிரித்த வாயை மூடுவதற்குள் அலற வேண்டியிருக்கும்.

இதுவரை எந்தத் திகில் விளையாட்டையும் தொட்டதில்லை என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கதை இவ்வளவுதான்: 1998 ஜூலை. ராக்கூன் சிட்டி என்ற கற்பனையான அமெரிக்க ஊர். ஊருக்கு வெளியே மலைக்காட்டில் காணாமல் போன சகாக்களைத் தேடி ‘ஸ்டார்ஸ்’ என்ற போலீஸ் சிறப்புப் படை ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறது. நாய்கள் துரத்துகின்றன. பைலட் பயந்துபோய் ஹெலிகாப்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். மிஞ்சியவர்கள் அருகிலிருக்கும் மாளிகைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இதற்கு மேல் கதையை யாரிடமும் கேட்காதீர்கள்.

படி 1: சரியான பதிப்பை வாங்குங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுவார்கள். இதே கதையை, இதே இயக்குநர் ஷின்ஜி மிகாமி, 2002இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக முழுவதும் புதிதாகச் செய்தார். 2015இல் மெருகேற்றி வந்த ‘எச்டி ரீமாஸ்டர்’ அந்த 2002 பதிப்புதான். அருமையான விளையாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் வசனங்களைத் திருத்தி, குரல்களை மாற்றி, எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிட்டார்கள். நமக்கு வேண்டிய அசட்டு அழகு அதில் இல்லை. நமக்கு வேண்டியது 1996ஆம் ஆண்டு அசல்.

கணினி இருந்தால் வேலை எளிது. 2024 ஜூனில் ஜிஓஜி தளம் பழைய விண்டோஸ் பதிப்பை இன்றைய கணினிகளில் ஓடும்படி சரிசெய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய கன்ட்ரோலர்களும் வேலை செய்யும். இந்தக் கணினிப் பதிப்புக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அமெரிக்க பிளேஸ்டேஷன் பதிப்பில் முன்கதைக் காட்சியை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி வெளியிட்டார்கள். இதில் அது முழுதாக, வண்ணத்தில் இருக்கிறது.

பழைய பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் 1997இல் வந்த ‘டைரக்டர்ஸ் கட்’ வட்டைத் தேடலாம். அதற்கு 1998இல் ‘டூயல் ஷாக்’ பதிப்பு ஒன்று வந்தது. அதில் இசை முழுக்க வேறு. மாளிகையின் அடித்தளத்தில் ஒலிக்கும் ஊதுகுழல் இசையைக் கேட்டால் பள்ளிக்கூடப் பேண்ட் வாத்தியக் குழு முதல் நாள் பயிற்சிக்கு வந்தது போல இருக்கும். அந்த இசைக்குப் பெயர் வாங்கியவர் மாமோரு சாமுராகோச்சி. அவர் பெயரில் பல ஆண்டுகள் இசையமைத்துக் கொடுத்தவர் தகாஷி நீகாகி என்பது 2014இல்தான் ஜப்பானில் வெளியே வந்து பெரிய செய்தியானது. முதல் தடவைக்கு இந்தப் பதிப்பு வேண்டாம். பழைய இசைதான் பயத்தைக் காப்பாற்றும்.

படி 2: அறையைத் தயார் செய்யுங்கள்

மூன்றிலிருந்து ஐந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் ஓரமாக இருப்பவர் போனை எடுத்துவிடுவார். மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்துக்கொள்ளுங்கள். படம் கிட்டத்தட்டச் சதுரமாக, இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும். அதைத் திரை முழுக்க இழுத்து நீட்டாதீர்கள். ஆட்கள் எல்லாம் குள்ளமாகத் தெரிவார்கள். விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியட்டும். முறுக்கு, மிக்சர் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், கன்ட்ரோலர் கைக்கு வரும்போது விரலைத் துடைத்துக்கொண்டால் போதும்.

வெளியூர் நண்பர்கள் இருந்தால் டிஸ்கார்டில் திரையைப் பகிர்ந்து ஆடலாம். ஒரு கணம் தாமதமாகத் தெரிந்தாலும் கெட்டுப்போகாது, அவர்கள் கத்தப்போகிறார்களே தவிர ஓட்டப்போவதில்லை. ரத்தமும் சதையும் தாராளமாக வரும் விளையாட்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு தொடங்குங்கள். பாம்பு, சிலந்தி என்றாலே நடுங்குகிறவர் யாராவது இருந்தால் அவருக்கும் தனியாக எச்சரிக்கை கொடுங்கள். பின்னால் இரண்டுமே வரும், அளவு சாதாரணமாக இருக்காது.

படி 3: முன்கதைக் காட்சியைத் தாண்டாதீர்கள்

‘நியூ கேம்’ அழுத்தியதும் பொத்தானை அழுத்தித் தாண்டிவிட ஒரு கை எப்போதும் துடிக்கும். விடாதீர்கள். உண்மையான நடிகர்களை வைத்து எடுத்த சிறு படம் அது. புல்வெளி, இருட்டு, நாய் பொம்மையின் பல், உயிரைக் கொடுத்து அலறும் நடிகர், பிறகு ஒவ்வொரு பாத்திரமாகக் கேமராவைப் பார்த்துத் திரும்பும் அறிமுகம். எல்லோரும் மனதார நடித்திருக்கிறார்கள். அந்த மனதாரதான் இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது, அதே மனதாரதான் நம்மைக் கட்டியும் போடுகிறது. கேலி செய்யவென்றே உட்கார்ந்தால் அரை மணியில் அலுத்துவிடும். கதையை நம்பி ஆடுங்கள், சிரிப்பு தானாக வரும்.

குரல் நடிப்பும் அப்படியே. ஜப்பானில் வந்த பதிப்பில்கூட வசனம் ஆங்கிலத்தில்தான், கீழே ஜப்பானிய எழுத்து ஓடும். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே விட்டுவிட்டு வேறெங்கோ அழுத்திப் பேசுவார்கள். அதனால் ஒரே ஒரு கண்டிப்பான விதி: காட்சியில் யாராவது பேசத் தொடங்கினால் அறையில் அத்தனை பேரும் வாயை மூட வேண்டும்.

படி 4: ஜில்லைத் தேர்ந்தெடுங்கள்

நாம் ஆட ஜில் வேலன்டைன், கிறிஸ் ரெட்ஃபீல்ட் என்று ஸ்டார்ஸ் படையினர் இருவர் இருப்பார்கள். முதல் ஆட்டத்துக்கு ஜில். அவர் 8 பொருள்கள் வைத்துக்கொள்ளலாம், கிறிஸ் 6தான். ஜில்லிடம் தொடக்கத்திலேயே கைத்துப்பாக்கி இருக்கும். பூட்டுத் திறக்கும் கம்பியும் சீக்கிரமே கிடைத்துவிடும். இவையெல்லாம் இரண்டாம் காரணம்தான். முதல் காரணம் ஜில்லோடு வரும் ஸ்டார்ஸ் சகா பாரி பர்ட்டன். தாடிக்கார, நல்ல மனசுக்காரர். விளையாட்டின் மிகச் சிறந்த அசட்டு வசனங்கள் அவருக்குத்தான். கிறிஸ்ஸாக ஆடினால் பாரி கண்ணிலேயே படமாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: நடக்கப் பழகுங்கள்

புதியவர்கள் மனம் வெறுத்து எழுந்து போவது இந்த இடத்தில்தான். ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன். இங்கே கேமரா நம்மோடு வராது. அறையின் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். நாம் எல்லை தாண்டினால் வெட்டி வேறு மூலைக்குப் போகும். பின்னணி எல்லாம் முன்கூட்டியே தயாரித்து வைத்த படங்கள் என்பதால் இந்த ஏற்பாடு. திரையில் ஜில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மேல் பொத்தானை அழுத்தினால் அவருடைய முன்பக்கம் நடப்பார். இடது, வலது பொத்தான்கள் அவரை நின்ற இடத்தில் சுழற்றும். கீழ் பொத்தான் பின்னோக்கி நகர்த்தும். திரையை மறந்துவிட்டு ஜில்லின் தோளிலிருந்து யோசியுங்கள். அவருடைய இடம், அவருடைய வலம். சிறிது நேரத்தில் விரலுக்குப் பழகிவிடும்.

சுடுவதற்கு முதலில் குறி வைக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது நடக்க முடியாது. சட்டென்று பின்னால் திரும்பும் வசதி மூன்றாம் பாகத்தில்தான் வந்தது, இங்கே கிடையாது. மெல்லச் சுற்றித் திரும்புவதற்குள் ஜோம்பி கழுத்தைப் பிடித்துவிடும். பின்னால் இருப்பவர்கள் ‘திரும்பு, திரும்பு’ என்று கத்துவதும் இவர் ‘திரும்பிட்டுதான் இருக்கேன்’ என்று கத்துவதும் இதனால்தான். யார் கைக்குக் கன்ட்ரோலர் வந்தாலும் மாளிகையின் முன்கூடத்தில் இரண்டு சுற்று நடந்து பழகிக்கொள்ளட்டும்.

படி 6: ஆளுக்கொரு வேலை

கன்ட்ரோலர் ஒன்று, ஆட்கள் நாலு. சும்மா இருப்பவருக்குப் பயம் வராது, பொறுப்பு இருந்தால்தான் வரும். ஒருவர் வரைபடக்காரர்: எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, அதில் என்ன சின்னம் பொறித்திருக்கிறது என்று காகிதத்தில் குறிப்பார். ஒருவர் கணக்குப்பிள்ளை: குண்டு எத்தனை, மூலிகை எத்தனை, இன்க் ரிப்பன் எத்தனை. ஆட்டத்தைச் சேமிக்கக்கூட டைப்ரைட்டரும் இன்க் ரிப்பனும் வேண்டும். ரிப்பன் தீர்ந்தால் சேமிப்பு இல்லை. ஆகவே ‘இப்போ சேவ் பண்ணலாமா, அடுத்த அறை பாத்துட்டுப் பண்ணலாமா’ என்பதில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். அந்தப் பஞ்சாயத்தை நான் மிகவும் ரசிப்பேன்.

மூன்றாமவர் வாசிப்பவர். மாளிகை முழுக்கக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் கிடக்கும். அவற்றைத் தமிழில் உரக்கச் சொல்வது அவர் வேலை. நாய்களைப் பார்த்துக்கொள்ளும் காவலாளியின் நாட்குறிப்பு ஒன்று உண்டு. மே மாதத்தில் சீட்டாட்டக் கதையோடு தொடங்கும், பிறகு உடம்பில் அரிப்பு, கடைசிப் பக்கத்தில் ஒற்றைச் சொற்களாகத் தேய்ந்து முடியும். அதைச் சிரிக்காமல், வேகம் குறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அந்த அறையின் அலமாரியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரை எப்போது மாற்றுவது? செத்தால் மாற்று என்று வைத்தால் நன்றாக ஆடுபவரே இரவு முழுக்க வைத்திருப்பார். ஒவ்வொரு முறை சேமித்ததும் மாற்றுங்கள். எல்லோருக்கும் ஒரு சாவு வாய்க்கும்.

படி 7: முதல் ஒரு மணி நேரம்

சாப்பாட்டு அறைக்குள் பாரியோடு நுழைவீர்கள். அவர் தரையில் ரத்தத்தைப் பார்த்து, அது கிறிஸ்ஸின் ரத்தமாக இருக்கக்கூடாதே என்பார், அவருக்கே உரிய குரலில். அடுத்த கதவைத் தாண்டினால் முதல் ஜோம்பி. தின்றுகொண்டிருந்த உடலை விட்டுவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பும் காட்சி. அங்கே நின்று சுடாதீர்கள். கையில் இருப்பது 15 குண்டு. ஒரு ஜோம்பி விழ ஆறேழுகூடப் போய்விடும். பாரியிடம் திரும்பி ஓடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். பின்னாலும் இதே புத்திதான்: அகலமான இடத்தில் ஒதுங்கி ஓடுங்கள், குறுகிய வழியை மறித்தால் மட்டும் சுடுங்கள். விழுந்த ஜோம்பியின் அடியில் ரத்தம் குளமாகப் பரவினால்தான் அது செத்தது. பரவாவிட்டால் காலைக் கடிக்கும்.

மூலிகைக் கணக்கு சுலபம். பச்சை கொஞ்சம் குணமாக்கும். பச்சையோடு சிவப்பைச் சேர்த்தால் முழுக் குணம். நீலம் விஷத்துக்கு. சிவப்பைத் தனியாகப் பயன்படுத்த முடியாது.

சுவரில் மாட்டிய ஷாட்கன் ஒன்றைப் பார்ப்பீர்கள். எடுங்கள். பிறகு வெளியே வரும்போது மேற்கூரை இறங்கத் தொடங்கும், கதவு பூட்டிக்கொள்ளும். பதறாமல் கதவைத் திறக்கப் பாருங்கள், பாரி வந்து காப்பாற்றுவார். உடனே அந்தப் புகழ்பெற்ற வசனம்: கொஞ்சம் தாமதித்திருந்தால் நீ ‘ஜில் சாண்ட்விச்’ ஆகியிருப்பாய்! உயிர் பிழைத்த பெண்ணிடம் இப்படிச் சொல்லும் மனிதரை யாரால் வெறுக்க முடியும்? தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் முகத்தில் எதுவும் காட்டாமல் உட்கார்ந்திருங்கள், அதைக் கேட்கும் அவர்கள் முகம்தான் உங்கள் பரிசு.

படி 8: புதிர்களில் மாட்டிக்கொண்டால்

இணையத்தில் தேடுவதற்கு முன் வரைபடக்காரரின் காகிதத்தைப் பாருங்கள். இந்த மாளிகையின் தர்க்கம் எளிது: எடுத்த பொருளின் இடத்தில் அதே வடிவத்தில் வேறொன்றை வை. பியானோவில் ‘மூன்லைட் சொனாட்டா’ வாசித்தால் சுவர் திறக்கும். உள்ளே தங்கச் சின்னம். அதை எடுத்துவிட்டு மரச் சின்னத்தை வைக்க வேண்டும். தங்கத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்டினால் கடிகாரம் நகர்ந்து சாவி கிடைக்கும். இப்படி வீடு கட்டியவன் மண்டையில் என்ன இருந்தது என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கினால் ஆட்டம் சரியான வழியில் போகிறது என்று பொருள். கால் மணி நேரம் எல்லோரும் திணறினால் ஒரே ஒருவர் வெளியே போய்க் குறிப்பைப் பார்த்துவந்து, எந்த அறை என்று மட்டும் சொல்லட்டும்.

ஒரே இரவில் முடிக்க நினைக்காதீர்கள். மாளிகையை விட்டுத் தோட்டத்துக்குப் போகும் கதவு திறந்ததும் முதல் இரவை நிறுத்துவது நல்லது. அதுவே இயல்பான இடைவேளை.

படி 9: இரண்டாம் முறை

முடிவு ஒன்றல்ல. கூட இருந்தவர்களைக் காப்பாற்றினீர்களா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். பாரி செத்துப்போய் முடிந்தால் அந்தக் கூட்டமே அடுத்த வாரம் மறுபடி ஆட வேண்டும் என்று நிற்கும். 3 மணி நேரத்துக்குள் முடித்தால் குண்டு தீராத ராக்கெட் லாஞ்சர் கிடைக்கும், ஆனால் அது மாளிகையை மனப்பாடம் செய்தவர்களுக்கு.

அடுத்து கிறிஸ். துணைக்கு ரெபெக்கா சேம்பர்ஸ் என்ற இளம் பெண். ஜில் உட்கார்ந்ததும் வாசித்த அந்தப் பியானோவைக் கிறிஸ்ஸால் வாசிக்க முடியாது. ரெபெக்கா பழகிப் பார்க்கிறேன் என்பாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு மற்ற அறைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள், அதற்குள் வாசிக்கக் கற்றிருப்பாள்.