டிரவுட் மீனுக்கு மேஃப்ளை நிம்ஃப் கட்டும் முறை: ஆறு கால்களும் நிலையாக நிற்க

டிரவுட் மீன் தன் இரையில் பெரும்பகுதியை நீர்மட்டத்துக்குக் கீழேயே பிடித்துத் தின்கிறது. ஆகவே முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் பூச்சி வடிவத் தூண்டிலிரையான ஃப்ளையைப் புதிதாகக் கட்டக் கற்பவர்கள் மிதக்கும் ஃப்ளையில் தொடங்காமல், நீருக்குள் வாழும் இளம்பூச்சியான நிம்ஃபிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இங்கே விளக்கப்போவது 14ஆம் எண் முள்ளில் கட்டப்படும், உண்மைப் பூச்சியைப் போன்ற தோற்றமுடைய, மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் நிம்ஃப். நூலைச் சுற்றத் தொடங்குவது, முடிவில் விப் ஃபினிஷ் முடிச்சுப் போடுவது ஆகிய இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சென்னையில் இருந்துகொண்டு டிரவுட்டுக்கு ஃப்ளை கட்டுவதா என்று கேட்பவர்கள் உண்டு. 1860களில் மீனியலாளர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி.வில்சன் ரெயின்போ டிரவுட்டை அங்கே நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. அத்தகைய மலைநீரில், குறிப்பாக அணைத்தேக்கங்களின் தெளிந்த, மெல்ல நகரும் நீரில், மீனுக்கு இரையை உற்றுப் பார்க்கப் போதுமான நேரம் கிடைக்கிறது. வேகமான ஓட்டத்தில் நிழலுரு ஒத்திருந்தாலே போதும். நிதானமான நீரில்தான் பூச்சியின் உருவத்தை நெருங்கிக் கட்டுவதன் பயன் தெரிகிறது. மீன்பிடிக்கும் அனுமதி இடத்துக்கு இடம் வேறுபடும், முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் தூண்டில் எடுத்துச் செல்லவே கூடாது, ஆகவே புறப்படும் முன் மீன்வளத் துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பூச்சி

படத்தைப் பார்த்துக் கட்டுவதைவிடப் பூச்சியைப் பார்த்துக் கட்டுவது மேல். மலையோடையில் ஒரு கல்லைப் புரட்டி, அடிப்பக்கத்தில் ஒட்டியிருப்பதை வெள்ளைத் தட்டில் சிறிது நீரோடு விட்டுப் பாருங்கள். பார்த்த பின் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். மேஃப்ளை நிம்ஃபின் வயிற்றுப்பகுதி 10 கண்டங்களாலானது. அதன் இரு பக்கங்களிலும் செவுள்கள் அசைந்துகொண்டிருக்கும். மார்பிலிருந்து மூன்று இணைக் கால்கள் கிளம்பும், ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரே ஒரு நகம் இருக்கும். வால் பெரும்பாலும் மூன்று இழை. வால் இரண்டாகவும் கால்நுனி நகம் இரண்டாகவும் இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டோன்ஃப்ளை. முதுகில் உள்ள இறக்கை உறை கறுத்துப் பருத்திருந்தால், அந்தப் பூச்சி விரைவில் நீரைவிட்டு வெளியேறப் போகிறது என்று பொருள்.

மேஃப்ளை நிம்ஃப்களில் நீந்துபவை உண்டு, கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் தட்டையானவையும் உண்டு. தென் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதைக் கவனித்தார். ஆகவே தம் புகழ்பெற்ற ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் கால்களே வைக்கவில்லை. ஃபெசன்ட் பறவையின் வால் இழையும் செம்புக் கம்பியும் மட்டுமே அதில் உண்டு. கல்லைப் பற்றி வாழும் வகையோ பிடி தவறி ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும்போது கால்களை விரித்துத் துழாவுகிறது. நாம் கட்டப்போவது இந்த இரண்டாம் வகையை. எந்தப் பூச்சி என்று முடிவு செய்யாமல் கால் வைப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கவே முடியாது.

கருவிகளும் பொருள்களும்

சுழலும் வைஸ் தேவையில்லை. முள்ளை அசையாமல் பிடிக்கும் எளிய வைஸ் போதும். செலவு செய்ய வேண்டியது நூற்கண்டைத் தாங்கும், பீங்கான் குழாயுள்ள பாபின் ஹோல்டருக்கும், நுனி மிகக் கூர்மையான கத்தரிக்கோலுக்கும், நல்ல முள்ளுக்கும்தான். காசிமேட்டுப் பக்கக் கடைகளில் கிடைப்பவை கடல்மீனுக்கான முட்கள். நமக்கு வேண்டிய, தண்டு சற்று நீண்ட 14ஆம் எண் நிம்ஃப் முள்ளை இணையத்தில் வரவழைப்பதே வழி. நூல் 70 டெனியர் இருக்கட்டும். தையல் நூல் இந்த அளவுக்கு மிகவும் தடிமன்.

மற்றவை ஊரிலேயே கிடைக்கும். ரிட்சி தெருவில் 0.4 மி.மீ. செம்புச் சுருள்கம்பி வாங்கலாம். வாலுக்கு, நுனி மெலிந்து முடியும் செயற்கை இழையாலான ஓவியத் தூரிகை ஒன்றை எழுதுபொருள் கடையில் வாங்கி இழைகளை வெட்டிக்கொள்ளலாம். வான்கோழி வளர்ப்பவரிடம் வெள்ளைச் சிறகிறகும் பழுப்புநிற வாலிறகும் கேட்டு வாங்குங்கள். மார்புக்கு வேண்டிய டப்பிங்காக, அதாவது நூலில் உருட்டிச் சுற்றும் இழையாக, பழுப்புநிற முயல் ரோமம் போதும். நீலகிரிக் காட்டுக்கோழியின் கழுத்திறகு உலகெங்கும் ஃப்ளை கட்டுபவர்கள் விரும்பும் பொருள். ஆனால் காட்டுக்கோழி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை, ஆகவே யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உடலும் வாலும்

முள்ளின் தண்டு முழுவதும் நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் போடுங்கள். முள்ளின் காதுக்குப் (நரம்பைக் கோக்கும் துளை) பின்னால் ஒரு காதளவு இடத்தை இப்போதே வெறுமையாக விட்டுவிடுங்கள், கடைசிவரை அங்கே எதுவும் ஏறக்கூடாது. தண்டின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாகச் செம்புக் கம்பித் துண்டை நீளவாக்கில் வைத்துக் கட்டினால் உடல் தட்டையாகும், எடையும் சேரும். கம்பியின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, கட்டியபின் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடுங்கள்.

வளைவு தொடங்கும் இடத்தில் நூலாலேயே ஒரு சிறு மேடு எழுப்பி, மூன்று தூரிகை இழைகளை அந்த மேட்டின்மேல் அழுத்திக் கட்டினால் அவை தாமே விரியும். வாலின் நீளம் வயிற்றின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும்.

வயிற்றுக்குப் பயாட் பயன்படுத்துகிறேன். சிறகிறகின் குறுகலான முன்விளிம்பில் வரிசையாக நிற்கும் தடித்த, குட்டையான இழைகளே பயாட். கையுறை ரப்பரைக் கீறிச் சுற்றும் முறையும் உண்டு, ஆனால் நம் ஊர் வெப்பத்தில் அது விரைவில் பிசுபிசுத்துப் போவதால் பயாட்டே எனக்கு உகப்பு. வெள்ளைப் பயாட்டைக் கடுந்தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் ஓடைப் பூச்சியின் வெளிர்பழுப்பு வரும். ஈரமாகவே இருக்கும்போது நுனியைக் கட்டி, அடியில் மெலிதாகப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முன்னோக்கிச் சுற்றுங்கள். ஒரு பக்கம் திருப்பிக் கட்டினால் விளிம்பு நிமிர்ந்து கண்டங்கண்டமாகத் தெரியும். மறுபக்கம் திருப்பினால் வழவழப்பாக அமையும். நமக்கு வேண்டியது முதலாவது. தண்டின் நீளத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியதும் நிறுத்துங்கள். இந்த அளவு முள்ளில் செவுள் வைக்க மெனக்கெட வேண்டாம். முதுகை மட்டும் பழுப்புநிற நிரந்தர மார்க்கரால் கருமையாக்குங்கள். அடிவயிறு வெளிறியே இருக்கட்டும்.

கால்கள்

பெரும்பாலானோர் கைவிடும் கட்டம் இதுதான். எனக்கும் மிக நீண்ட காலம் பிடித்தது இதற்குத்தான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இறக்கை உறைக்காக, வாலிறகிலிருந்து முள் வாயின் (தண்டுக்கும் முள்முனைக்கும் இடைப்பட்ட இடைவெளி) அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலமுள்ள பட்டையைப் பிரித்து, பிளவுபடாமலிருக்க முன்கூட்டியே நகப்பூச்சு தடவி உலர்த்திக்கொள்ளுங்கள். அதை வயிறு முடியும் இடத்தில், வாலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்குமாறு கட்டிவிடுங்கள். பிறகுதான் கால்கள்.

கால்களை வைஸில் உட்காரும் முன்பே செய்து வைக்க வேண்டும். வாலிறகின் இரண்டு இழைகளைச் சேர்த்து நனைத்து, மெல்லிய குரோஷே ஊசியால் நுனியிலிருந்து 4 மி.மீ. தள்ளி ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சு இறுகும் தறுவாயில் இரண்டு பக்கத்தையும் நேராக இழுக்காமல், நுனிப்பக்கத்தைச் சாய்த்து இழுத்தால் முழங்கால் மடிந்து நிற்கும். ஆறு கால் வேண்டுமென்றால் குறைந்தது எட்டுக் கால்கள் செய்யுங்கள், ஓரிரண்டு உடையும்.

கட்டும்போது கால் தான் வைத்த இடத்தில் நிற்காமல் நகர்ந்துவிடும். நூல் நமக்கு எதிர்ப்புறமாகத் தண்டின்மேல் ஏறி இறங்குவதால், நம் பக்கத்துக் காலை மேலே ஏற்றுகிறது. அந்தப் பக்கத்துக் காலைக் கீழே தள்ளுகிறது. ஆகவே நம் பக்கத்துக் காலை வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயும், அந்தப் பக்கத்துக் காலைச் சற்று மேலேயும் பிடித்துக்கொண்டு, இரண்டு தளர்ந்த சுற்றுகள் போட்ட பின்பே இறுக்க வேண்டும். நூல் தானாகவே காலை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். மல்லிகைச் சரம் தொடுப்பவர்கள் காம்பு நசுங்காமலும் பூ நழுவாமலும் நாரை இழுக்கிறார்களே, அந்த அளவு இறுக்கமே இங்கும் வேண்டும். இன்னொன்று, பாபினைத் தொங்கவிட்டு மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றினால் நூலின் முறுக்குப் பிரிந்து தட்டையாகும். தட்டையான நூல் குறைந்த சுற்றிலேயே இறுகப் பற்றும், மேடும் எழும்பாது.

பின்னிணைக் கால்களை வயிற்றை ஒட்டி, பின்னோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். ஒரு சிட்டிகை முயல் ரோமத்தை நூலில் மெலிதாக உருட்டி, இரு கால்களுக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக எட்டு வடிவில் சுற்றுங்கள். ரோமம் காலை அணைகட்டியது போலத் தாங்கும். அடுத்து நடுவிணையைப் பக்கவாட்டிலும், மீண்டும் ரோமத்துக்குப் பின் முன்னிணையை முன்னோக்கியும் கட்டுங்கள். ஒவ்வோர் இணைக்கும் மூன்று நான்கு சுற்றுக்கு மேல் போனால் காதருகே விட்ட இடம் நிரம்பிவிடும், தலைக்கு இடமிருக்காது.

கால்களைக் கம்பியாலோ தடித்த நைலானாலோ செய்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிப் பேழையில் வைக்க அவை மிக அழகு. ஆனால் விறைத்து விரிந்த கால்கள் ஓட்டத்தில் ஃப்ளையைச் சுழல வைத்து, அதைக் கட்டியிருக்கும் லீடர் நரம்பை முறுக்கிவிடும். மீன்பிடிக்கக் கட்டுவதானால் இறகிழையே வேண்டும். நீரில் நனைந்ததும் அது சற்றே தளர்ந்து அசையும்.

முடிப்பு

இறக்கை உறைப் பட்டையை முன்னால் மடித்துக் காதுக்குப் பின்னால் கட்டி, மிச்சத்தை வெட்டி, விப் ஃபினிஷ் போடுங்கள். முழங்கால் முடிச்சு ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் நகப்பூச்சைத் தொட்டு வையுங்கள். இறக்கை உறைமீது யூ.வி. ரெசின் ஒரு சிறு துளி விட்டு, யூ.வி. விளக்கைக் காட்டினால் வெளிவரத் தயாரான பூச்சியின் பளபளப்பும் புடைப்பும் கிடைக்கும். பகலில் சன்னலோரம் இதைச் செய்யாதீர்கள். சென்னை வெயிலில் ரெசின் ஊசி முனையிலேயே கெட்டியாகிவிடும்.

கட்டியதைக் கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டு, தம்ளரை உயர்த்தி அடியிலிருந்து பாருங்கள். மீன் பார்க்கும் கோணம் பெரும்பாலும் அதுவே. ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் பக்கக் கம்பிகளின் நீளம் சமமாக இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். நம் ஊர் நீரின் வெப்பத்தில் டிரவுட் வாழாது. ஆனால் தெரிந்தவருடைய பண்ணைக்குட்டையில் ஜிலேபிக் கெண்டை இருந்தால், அனுமதி கேட்டு அதில் இழுத்துப் பார்க்கலாம். அதுவும் நிம்ஃபை விரும்பிக் கடிக்கும்.

பிற்சேர்க்கை

வெளியிட்டபின் வாசகர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கான விடைகள் இவை.

இறகுகளைப் பூச்சி அரிப்பதாகப் பலர் எழுதியிருந்தனர். புதிதாக வாங்கிய இறகை மென்சோப்பில் அலசி, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத உறையிலிட்டு ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள். வெளியே எடுத்துச் சில நாள் கழித்து மீண்டும் ஒருமுறை ஃப்ரீசரில் வையுங்கள். முதல் குளிரில் தப்பிய முட்டைகள் பொரித்தாலும் இரண்டாவதில் மடியும்.

முட்கள் துருப்பிடிப்பதைப் பற்றிக் கேட்டவர் கடற்கரையை ஒட்டிய பகுதியில் வசிப்பவர். முள் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலத்தில் அதை மாற்றிக்கொண்டே இருங்கள். ஈரமான ஃப்ளையை ஒருபோதும் டப்பாவில் திரும்ப வைக்க வேண்டாம்.

பிடித்த மீனைக் காயமின்றித் திரும்ப நீரில் விட விரும்புவோர், முள் நுனியின் உட்புறமுள்ள எதிர்ப்பல்லை நசுக்கிக்கொள்வது எப்போது என்று கேட்கிறார்கள். நூல் தொடும் முன்பே, இடுக்கியின் தட்டையான வாயால் நசுக்கிவிடுங்கள். சில முட்கள் அந்த அழுத்தத்தில் ஒடியும், ஆறு கால்களையும் கட்டி முடித்தபின் ஒடிந்தால் அவ்வளவு வேலையும் வீணாகும்.