படப்பிடிப்புக்கு ஓட்டுநர்களை அமர்த்துவது எப்படி

சென்னையிலிருந்து பொள்ளாச்சிக்கோ காரைக்குடிக்கோ அவுட்டோர், அதாவது வெளியூர்ப் படப்பிடிப்பு, கிளம்பும் ஒரு நடுத்தரப் படத்தின் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். கேமரா வண்டி, விளக்குகளும் டிராலியும் ஏற்றிய யூனிட் வண்டி, ஜெனரேட்டர் வண்டி, உடைகளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் ஒன்றிரண்டு, இவை போக ஆட்களை ஏற்றி இறக்கும் கார்களும் வேன்களும் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘டிரைவர் வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புவதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு வண்டியும் வெவ்வேறு வேலையைச் செய்கிறது. அதற்கேற்ற ஆளும் வெவ்வேறானவர்.

முதலில் அமர்த்த வேண்டியவர் ஓட்டுநர் அல்லர்; வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பேற்கும் ஒருவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, யாரை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும், எந்த ஓட்டுநர் எப்போது படுத்தார் என்ற மூன்றும் அவருடைய நோட்டில் இருக்க வேண்டும். இந்தச் சம்பளத்தை மிச்சப்படுத்தி, வேலையை உதவி இயக்குநர் ஒருவர் தலையில் கட்டும் வழக்கம் உண்டு. காலை ஏழு மணிக்கு முதல் ஷாட்டை எதிர்பார்ப்பவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிடுவது நல்லது.

தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் கீழ் ஓட்டுநர்களுக்கெனத் தனிச் சங்கம் உண்டு. ஊதியமும் பேட்டா எனும் தினப்படியும், சங்கங்களும் தயாரிப்பாளர் தரப்பும் பேசி முடிவு செய்பவை, அவ்வப்போது மாறுபவை. ஆகவே, பழைய படத்தின் பட்ஜெட்டைப் பார்த்துத் தொகை எழுதாமல், நடப்பு விகிதத்தைச் சங்கத்திடமே கேட்டு வாங்குங்கள். ஜெனரேட்டர், யூனிட், கேரவன் ஆகியவற்றின் ஓட்டுநர்கள் பெரும்பாலும் வண்டியோடு வந்துவிடுவார்கள். அவர்களை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும், ஆவணங்களைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்து அது உங்களை விடுவித்துவிடாது.

உரிமத்தின் நகலை வாங்கிக் கோப்பில் போடுவதோடு நிறுத்தாமல், மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து, அது நடப்பில் உள்ளதா, எந்த வகை வண்டிக்கு உரியது என்று பாருங்கள். போக்குவரத்து வாகனங்களுக்கான உரிமம் பொதுவாக ஐந்தாண்டுகளுக்கே செல்லும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. எனவே சிறிய வேன்களுக்குத் தனி உரிமம் வேண்டுமா என்ற பழைய குழப்பம் தீர்ந்தது. அதைத் தாண்டிய வண்டிக்கு அதன் வகைக்குரிய உரிமம் வேண்டும் என்பதால், எடையைப் பதிவுச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தவருடைய சொந்த உபயோகக் காரை, அதாவது வெள்ளைப் பலகை வண்டியை, வாடகைக்கு எடுத்து ஓட்டாதீர்கள். யூனிட் வண்டியின் பின்புறத்தில் சாமான்களோடு ஆட்களையும் ஏற்றாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பதற்கு இந்த இரண்டுமே வழிவிடும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான தூக்கத்துக்கு வருவோம். இரவு ஒன்பதரைக்குப் பேக்கப் என்றால், மற்றவர்களின் வேலை முடியும் அந்த நேரத்தில்தான் ஓட்டுநரின் வேலை மறுபடி தொடங்குகிறது. நடிகரை விடுதியில் இறக்கி, துணை நடிகைகளை வீடுவரை கொண்டுபோய் விட்டு, டீசல் போட்டு, வண்டியை நிறுத்தும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். மேக்கப்புக்கு ஆறு மணிக்கு உட்கார வேண்டிய கதாநாயகியை ஏற்ற, மறுநாள் காலை ஐந்து மணிக்கு அதே ஓட்டுநர் வாசலில் நிற்க வேண்டும். போக்குவரத்துத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் வகுத்த அளவெல்லாம் இங்கே காகிதத்தோடு நின்றுவிடுகிறது. எனவே கால்ஷீட் எனும் படப்பிடிப்பு நேரத்தை வைத்துக் கணக்கிடாமல், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையிலான நேரத்தை வைத்துக் கணக்கிட்டு, அதிகாலை ஏற்றலுக்கு ஒருவரையும் இரவு இறக்கலுக்கு வேறொருவரையும் அமர்த்துங்கள். கூடுதல் ஓட்டுநர் ஒருவருக்கான பேட்டா, கவிழ்ந்த வேன் ஒன்றின் செலவோடு ஒப்பிடத்தக்கதே அல்ல. அவர்கள் படுக்க அறை ஒதுக்கியிருக்கிறீர்களா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொள்வார் என்பது விடுதிச் செலவைக் குறைக்க யாரோ கண்டுபிடித்த நியாயம்.

நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வியும் இதையொட்டியதே: “நேற்று எத்தனை மணிக்கு வண்டியை நிறுத்தினீர்கள், அண்ணே?” தயங்காமல் சரியான நேரத்தைச் சொல்பவரைப் பெரும்பாலும் நம்பலாம், எவ்வளவு நேரமானாலும் ஓட்டுவேன் என்று நெஞ்சை நிமிர்த்துபவரைத் தவிர்த்துவிடுவேன்.

மலைக்குப் போவதாக இருந்தால் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்; கொல்லிமலைக்கு 70. ஜெனரேட்டர் வண்டியோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், கியரைக் குறைத்து இறங்கத் தெரிந்தவர் வேண்டும். இதை வாய்ச்சொல்லில் நம்பாமல் ஒரு முறை பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் நடப்பு விதியைப் பார்த்து, ஒவ்வொரு வண்டிக்கும் வேண்டியதை வாங்கிவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வழியில் தாழ்ந்து தொங்கிய மின்கம்பியால் எங்கள் கேரவன் அரை நாள் நகராமல் நின்றது; வண்டியின் உயரத்தை அளந்து சொல்லும் ஓட்டுநரின் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

கேமரா பொருத்திய காரை ஓட்டுவது வேறொரு திறமை. வேகம் கூடாமல் குறையாமல், பக்கத்து வண்டியோடு இடைவெளி மாறாமல், வாக்கி-டாக்கியில் வரும் சொல்லுக்கு மட்டும் காது கொடுத்து ஓட்ட வேண்டும். கார் சாகசக் காட்சி என்றால் அது சண்டைக் கலைஞர்களின் வேலை. கம்பெனிக் காரின் ஓட்டுநர் ஆர்வத்தோடு முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள்.

பேசியதை ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாள் கணக்கு, இரவுப் பேட்டா, அபராதம் யார் பொறுப்பு, பழுதானால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும் என்பவை அதில் இருக்கட்டும். அவுட்டோர் முடியும் நாளில் கணக்கை அங்கேயே தீர்த்துவிடுங்கள். சென்னைக்குத் திரும்பும் பயண நாளுக்கும் பேட்டா உண்டு என்பதை அலுவலகத்துக்கு முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள்.