சுருக்கிய லாக் கோப்பை டெர்மினலில் படிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

சர்வரில் ஏதோ கோளாறு, மூன்று நாள் முந்தைய லாக், அதாவது நடந்ததை வரி வரியாகப் பதிந்த கோப்பு, வேண்டும். லாக்குகள் இருக்கும் வார்-லாக் அடைவுக்குள் போனால் சிஸ்லாக், சிஸ்லாக்.1 இரண்டும் சாதாரணக் கோப்புகள். அதற்கு முந்தையவை எல்லாம் பெயரின் கடைசியில் ஜிஇசட் என்ற வாலோடு சுருங்கிக் கிடக்கும். பழைய லாக்குகளை எண் போட்டு ஒதுக்கிச் சுருக்கும் லாக்ரொட்டேட் என்ற நிரல் செய்து வைக்கும் வேலை அது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் முதல் தவறைச் செய்கிறார்கள்: படித்துப் பார்க்க வேண்டிய கோப்பை ஜிஅன்ஜிப் என்ற கட்டளை கொடுத்து விரித்துவிடுகிறார்கள்.

லாக் எழுத்துகள் நன்றாகச் சுருங்கக் கூடியவை, பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம். அதாவது 400 எம்பி கோப்பை விரித்தால் 4 ஜிபி வரும். நான் வேலை பார்த்த ஒரு சர்வரில் ஒருமுறை நான் இதைச் செய்தபோது டிஸ்கில் மீதமிருந்தது 3 ஜிபிக்கும் குறைவு. இடமில்லை என்று ஜிஅன்ஜிப் நின்றது. அரைகுறையாக விரித்ததை அதுவே அழித்தும்விட்டது. ஆனால் டிஸ்க் நிரம்பி இருந்த அந்தச் சில நொடிகளில் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நின்றுபோனது. ஒரு கோளாறைத் தேடப் போய் இன்னொரு கோளாறை உண்டாக்கியதுதான் மிச்சம்.

இடம் தாராளமாக இருந்தாலும் சிக்கல் உண்டு. ஜிஅன்ஜிப் விரித்து முடித்ததும் மூலக் கோப்பை நீக்கிவிடும். லாக்ரொட்டேட் அடுத்த முறை சிஸ்லாக்.3.ஜிஇசட் என்ற பெயரைத் தேடும், நீங்கள் விட்டுவந்த சிஸ்லாக்.3 அதன் கணக்கிலேயே வராது. யாராவது கையால் அழிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். விரித்தே ஆக வேண்டும் என்றால் கட்டளையோடு மைனஸ் கே என்ற குறிப்பும் கொடுங்கள், மூலம் தப்பிக்கும். படிக்க மட்டும் என்றால் அதுவும் தேவையில்லை. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் கட்டளைக்கு முன்னால் ஒரு இசட் சேர்த்தால் போதும். இசட்லெஸ் உள்ளேயே ஜிஜிப் என்ற சுருக்கும்-விரிக்கும் நிரலை ஓட்டி, விரிந்து வருவதைப் பக்கம் பக்கமாகக் காட்டும். டிஸ்கில் ஒரு பைட்கூட எழுதாது.

"எனக்கு வெறும் லெஸ்ஸே ஜிஇசட் கோப்பைக் காட்டுகிறதே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். உபுண்டு லினக்ஸில், நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் பாஷ் நிரலின் பயனர் அமைப்புக் கோப்பிலேயே லெஸ்பைப் என்ற உதவி நிரலை இயக்கி வைத்திருக்கிறார்கள். அது லெஸ்ஓபன் என்ற சூழல் மாறியை, அதாவது மற்ற நிரல்கள் படித்துக்கொள்ளும் ஒரு மதிப்பை, அமைக்கிறது. லெஸ் அதைப் பார்த்துத்தான் கோப்பை விரித்துக் காட்டுகிறது. ஆனால் லாக்கைப் படிக்க அனுமதி இல்லை என்று, நிர்வாகி உரிமையில் இயக்கும் சூடோவைச் சேர்த்து லெஸ் கொடுத்துப் பாருங்கள். சூடோ பாதுகாப்புக்காகச் சூழல் மாறிகளைத் துடைத்துவிடும், லெஸ்ஓபனும் போய்விடும். ஒரு நிமிடம் முன்பு சரியாகத் திறந்த அதே வகைக் கோப்பை இப்போது "இது பைனரி கோப்பாக இருக்கலாம், ஆனாலும் பார்க்கவா?" என்று லெஸ் கேட்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அப்போது முடிவு கட்டாதீர்கள். சூடோவோடு இசட்லெஸ் கொடுங்கள், தனக்கு வேண்டிய லெஸ்ஓபனை அது தானே அமைத்துக்கொள்ளும்.

கோப்பை அப்படியே திரையில் கொட்டும் கேட் கட்டளையைத் தெரியாமல் கொடுத்து, திரை முழுக்கக் கிறுக்கலாகி, நீங்கள் தட்டும் எழுத்துகளும் வேறு உருவில் வந்தால் பதற வேண்டாம். ரீசெட் என்று தட்டி என்டர் அழுத்துங்கள், தட்டுவது திரையில் தெரியாவிட்டாலும் வேலை செய்யும்.

அடுத்தது, எல்லாச் சுருக்கத்துக்கும் இசட்லெஸ் போதும் என்ற நினைப்பு. தமிழ் விக்கிப்பீடியாவின் தரவுக் கிடங்கை இறக்கினால் தலைப்புப் பட்டியல் ஜிஇசட் ஆகவும், கட்டுரைகள் அடங்கிய பெரிய கோப்பு பிஇசட்2 ஆகவும் வரும். இரண்டாவதற்கு பிஇசட்லெஸ் வேண்டும். எக்ஸ்இசட் வகைக்கு எக்ஸ்இசட்லெஸ், இசட்எஸ்டி வகைக்கு இசட்எஸ்டிடிலெஸ். ஆபத்து என்னவென்றால், இசட்லெஸ் தனக்குப் புரியாத கோப்பைப் பிழை சொல்லி மறுக்காமல் அப்படியே கொட்டிக் காட்டிவிடும். வாலை நம்பாமல் முதலில் ஃபைல் கட்டளை கொடுத்துப் பாருங்கள். அது கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பார்த்து வகையைச் சொல்லும்.

இனி, பெரிய கோப்பைத் திறந்ததும் கடைசிக்குப் போகப் பெரிய ஜி தட்டுவது. சாதாரணக் கோப்பில் லெஸ் நேராகக் கடைசிக்குத் தாவும். சுருக்கிய கோப்பில் அது முடியாது. ஜிஜிப் முறையில் ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னால் விரிந்த 32 கேபி வரையிலான எழுத்தைத் திரும்பச் சுட்டும், எனவே முதலிலிருந்து விரித்துக்கொண்டேதான் வர வேண்டும். அதோடு, குழாய் வழியாக, அதாவது இன்னொரு நிரலின் வெளியீடாக, வந்ததை லெஸ் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பல ஜிபி லாக் என்றால் சின்ன சர்வருக்கு மூச்சு முட்டும். இல்லாத சொல்லைத் தேடினாலும் இதே கதிதான். கண்ட்ரோல்-சி அழுத்தினால் நிறுத்திவிடலாம். கடைசி 200 வரி வேண்டுமா, கோப்பை விரித்துக் கொட்டும் இசட்கேட் கொடுத்து, கடைசி வரிகளை மட்டும் எடுக்கும் டெயிலுக்கு அனுப்பி, அதை லெஸ்ஸுக்கு அனுப்புங்கள். சொல்லைத் தேட இசட்கிரெப். மேக்கில் இசட்கேட், பெயரின் கடைசியில் பெரிய இசட் வாலைத் தேடி அடம்பிடிக்கும், அங்கே ஜிஇசட்கேட் என்று தட்டுங்கள்.

பல நாள் லாக்கைச் சேர்த்துப் படிக்கும்போது வரிசையையும் கவனியுங்கள். டெபியன் லினக்ஸில் என்ஜினெக்ஸ் என்ற வலை சர்வரின் லாக் 14 நாள் வரை இருக்கும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் எடுத்தால் பெயர்கள் எண் வரிசையில் இல்லாமல் எழுத்து வரிசையில் வரும், அதனால் 10 முதல் 14 வரை முதலில் வந்து, அப்புறம்தான் 2 வரும். நாள்கள் மாறிக் கிடப்பது தெரியாமல் "இரவு வந்த பிழை காலையில் போய்விட்டது" என்று தவறான முடிவுக்கு வருவது ரொம்ப எளிது. கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு மைனஸ் ஆர்வி கொடுத்தால் 14, 13, 12 என்று பழையதிலிருந்து புதியதாகப் பெயர்கள் வரும். அந்த வரிசையில் இசட்கேட்டுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, தமிழ் எழுத்து உள்ள கோப்புகள். சில சர்வர்களில் அகரம் இருக்க வேண்டிய இடத்தில் கோண அடைப்புக்குள் இ0, ஏஇ, 85 என்று மூன்று எண்கள் தெரியும். கோப்பு சரியாகவே இருக்கிறது, அந்த மூன்று பைட்டுகள்தான் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 'அ'. சர்வரின் மொழி அமைப்பு வெறும் 'சி' என்று இருப்பதால் லெஸ் அதை எழுத்தாகப் பார்க்கவில்லை. லெஸ்சார்செட் என்ற சூழல் மாறிக்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்துத் திறந்தால் தமிழ் தெரியும். அப்படியும் தெரியவில்லை, கோப்பும் 2000 வாக்கில் உருவானது என்றால் அது திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கமாக இருக்கலாம். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் அக்கால மின்னூல்கள் பல அந்தக் குறியாக்கத்தில் வந்தன. லினக்ஸில் உள்ள, குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் கட்டளை திஸ்கியை அறியும். இசட்கேட்டின் வெளியீட்டை அதன் வழியாக யூடிஎஃப்-8 ஆக்கி லெஸ்ஸுக்கு விட்டால், மூலக் கோப்பைத் தொடாமலே பக்கம் பக்கமாகப் படிக்கலாம்.