ராக் பாட்டை அறுத்து ஹிப் ஹாப் தைப்பது எப்படி?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டியதுதான். போன வருஷம் அப்படிக் கிடந்தபோது, நண்பர்களின் ராக் பேண்டு பதிவு செய்திருந்த பாட்டுகளை ரீமிக்ஸ் பண்ண உட்கார்ந்தேன். முதல் முயற்சி படுமோசம். முழுப் பாட்டையும் ஓடவிட்டு மேலே டிரம்ஸ் போட்டிருந்தேன்; சந்தைக்கடை மாதிரி இருந்தது.

தொடங்கும் முன் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஹைப்ரிட் தியரி' ஆல்பம் (2000), அதையே பிரித்துப் போட்டு 2002-இல் அவர்கள் வெளியிட்ட 'ரீஅனிமேஷன்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட எதைத் தூக்கி எறிந்தார்கள் என்று கவனியுங்கள்.

1. பாட்டு. தெரிந்த பேண்டிடம் பெண்டிரைவை நீட்டி, கிதார், குரல், டிரம்ஸ் எல்லாம் தனித்தனி டிராக்காக வாங்குங்கள். பெரிய குழுக்களின் பாட்டில் கைவைத்து வெளியிட்டால் வம்பு. 2004-இல் டேஞ்சர் மவுஸ் என்ற இசைத் தயாரிப்பாளர், ராப் பாடகர் ஜே-ஸியின் குரலையும் பீட்டில்ஸின் இசையையும் கலந்து 'தி கிரே ஆல்பம்' செய்தார், பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமை வைத்திருந்த இ.எம்.ஐ. நிறுவனம் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டது.

2. வேகம். ஒலியை வெட்டி ஒட்டும் இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். பாட்டு நிமிஷத்துக்கு 120 அடி, நமக்கு வேண்டியது 90 என்றால் 25% குறைக்க வேண்டும். 'ஸ்பீட்' மாற்றினால் சுருதியும் கிட்டத்தட்ட 5 அரைச்சுரம் இறங்கும். கிதாருக்கு அது அழகு, தடித்துப் போய் உறுமும். குரலுக்கு வேண்டாம், 'டெம்போ'வை மட்டும் மாற்றுங்கள், சுருதி அப்படியே நிற்கும்.

3. லூப். அதாவது ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது. இங்கேதான் பொறுமை வேண்டும். பாட்டில் ஒரே ஒரு கிதார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) எடுங்கள், நான்கு பார், பாருக்கு நாலு அடி வீதம் 16 அடி. 90 வேகத்தில் அது 10.67 வினாடி. ஒரு துளி கூடினாலும் நாலாவது சுற்றில் நொண்டும். திரையில் தெரியும் ஒலி அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் 'டிக்' என்று கேட்கும். ஆடாசிட்டியில் இசட் விசையைத் தட்டினால் தேர்வின் ஓரம் தானே அங்கே நகரும். எங்கள் கிதாரிஸ்ட் "என் சோலோ எங்கடா?" என்றான். இல்லை, அவ்வளவுதான்.

4. டிரம்ஸ். பாரின் நாலு அடியில் 1, 3-இல் கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்). 2, 4-இல் ஸ்நேர் (சடாரென்று அறையும் சின்ன டிரம்). ஹை-ஹாட்டில் (ஜோடித் தாளத்தட்டு) ஒன்றுவிட்டு ஒரு தட்டை 20 மில்லி வினாடி தள்ளி வையுங்கள். அந்தச் சோம்பல் நடையில்தான் தலை தானாக ஆடும்.

5. இடம் ஒதுக்குவது. கிதாரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள், அது பேஸுக்கும் (தாழ்ந்த, கனத்த சுரங்கள்) கிக்குக்கும் உரிய இடம்.

பழைய இசைத்தட்டின் கரகரப்பு வேண்டுமென்று இணையத்தில் தேடினேன். கடைசியில் எங்கள் தகரக் கூரையில் பெய்த மழையையே போனில் பிடித்து அடியில் மெல்ல ஓடவிட்டேன். தேயிலை ஃபேக்டரி சங்கும் நடுவில் புகுந்துவிட்டது. ராப் தொடங்கும் இடத்துக்கு அது சரியாகப் பொருந்தவே எடுக்கவில்லை.

6. சோதனை. ஹெட்போனை நம்பாதீர்கள். குன்னூர் பஸ்ஸில் போன் ஸ்பீக்கரைக் காதருகே வைத்துக் கேளுங்கள். பேஸ் காணாமல் போயிருந்தால் ஒலியைக் கூட்டாமல், அதில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) ஏற்றுங்கள். சின்ன ஸ்பீக்கரிலும் அதன் மேல்சுரங்கள் கேட்கும்.